ஜாடியும் கண்ணாடிப் புட்டியும்: கனி காத்த வரலாறு

ஐப்பசியும் கார்த்திகையும் பெங்களூர் மாநகரின் சந்தைகளுக்குத் தனி அழகு தரும் திங்கள்கள். சீதாப்பழம் விடைபெறும், கொய்யா குவியும், நெல்லிக்காய் கூடை கூடையாய் வந்திறங்கும். சின்னாட்களில் வந்து சின்னாட்களில் மறையும் இச்செல்வத்தை ஆண்டு முழுதும் காத்து வைத்துக் கொள்ள மனிதன் கண்ட வழிகள் பல. அவ்வழிகளுள் இரண்டு, ஒன்று நம் தாயகத்தது, மற்றொன்று மேலை நாட்டது, இந்நகரத்தில் ஒன்றையொன்று சந்தித்தன. அச்சந்திப்பின் வரலாற்றையே ஈண்டு சுருங்கக் கூற விழைகிறோம்.

முதலில் நம்முடையதைக் காண்போம். சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையில், விருந்தினர்க்குப் படைக்கும் உணவோடு மாவடு ஊறிய காடியும் இடம்பெறுகிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழர் இல்லங்களில் வடுமாங்காய் ஊறிற்று என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனியை நாம் அனைவரும் அறிவோம். அக்கனியின் குலத்தைத்தான் நம் அன்னையர் உப்பிலிட்டும், தேனில் ஊறவைத்தும், வெயிலில் உலர்த்தியும் காத்தனர். நார்த்தங்காயும் எலுமிச்சையும் அவ்வாறே ஜாடி புகுந்தன. பழனியில் வழங்கும் பஞ்சாமிர்தமோ வாழைப்பழத்தை வெல்லம், தேன், நெய் ஆகியவற்றோடு சேர்த்துக் கெடாமற் காப்பது. உப்பு, வெயில், எண்ணெய், இனிப்பு இந்நான்குமே நம் முன்னோரின் கருவிகள். ஈரத்தைக் குறைத்தால் கேடு அணுகாது என்னும் உண்மையை அவர்கள் ஆய்வுக்கூடத்தில் அன்று, அடுக்களையில் அறிந்தனர்.

நிற்க. மேலை நாட்டார் கண்ட வழி வேறு. பிரான்சு நாட்டில் நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய்த் தொழிலாளர் ஒருவர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு முயற்சியை மேற்கொண்டார். காய்கனிகளைக் கண்ணாடிப் புட்டிகளில் அடைத்து, தக்கையால் இறுக மூடி, கம்பியாற் கட்டி, கொதிநீரில் நெடுநேரம் வைத்தார். அவை பல திங்கள் கழிந்தும் கெடவில்லை. 1810-ஆம் ஆண்டில் அந்நாட்டரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவர் தம் முறையை நூலாக எழுதி உலகுக்கு வழங்கினார். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீட்டர் டுராண்டு தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்றார். 1858-இல் அமெரிக்காவில் ஜான் மேசன் திருகுமூடி பொருந்திய கண்ணாடி ஜாடிக்கு உரிமை பெற்றபின் இக்கலை எளிய இல்லங்களிலும் புகுந்தது.

இதில் வியப்பு யாதெனில், தம் முறை ஏன் பலிக்கிறது என்பதை அப்பேர் அறிந்திலர். காற்றை அகற்றியதே காரணம் என எண்ணப்பட்டது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே கேட்டின் மூலம், வெப்பம் அவற்றை அழிக்கிறது என்பதை லூயி பாஸ்டர் 1860-களில் மெய்ப்பித்த பின்னரே உண்மை விளங்கிற்று. காரணம் அறியாமலே கைகண்ட பயன் பெறுதலில் அப்பேரும் நம் பாட்டியரும் ஒரு நிலையினரே. ஆனால் அவர் எழுதி வைத்தார். நம் பாட்டியர் எழுதி வைத்திலர். இவ்வேறுபாட்டை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறோம்.

இவ்விரண்டாம் முறை பெங்களூர் வந்த வழி தமிழரோடு தொடர்புடையது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்தபோது அவர்களுடன் படைவீரரும் வணிகரும் தொழிலாளரும் சமையற்காரருமாகத் தமிழர் பலர் வந்து அல்சூரைச் சுற்றிலும், இன்று சிவாஜிநகர் எனப்படும் பகுதியிலும் குடியேறினர். தண்டில் வாழ்ந்த துரைமார் இல்லங்களில் கொய்யாப் பாகும் ஆரஞ்சுத் தோல் மார்மலேடும் காய்ச்சிய கைகள் பெரும்பாலும் நம்மவர் கைகளே. 1878-இல் 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் சென்னை இல்லங்களுக்கெனச் சமையல் நூல் ஒன்று வெளியிட்டார். அதில் சமையற்காரர்கள் அனைவருக்கும் அவர் இட்ட பொதுப்பெயர் 'ராமசாமி' என்பது. நூலாசிரியர் பெயர் நிலைத்தது; அடுப்பின் முன் நின்றவர்களோ ஒரே பெயருக்குள் மறைந்து போயினர். அவர்களுடைய கைத்திறனைக் குறித்து அவர்களே எழுதிய ஏடு ஒன்றேனும் நம் கைக்கு எட்டியிருப்பின் எத்துணைப் பெருமை!

கனிகளும் இந்நகரத்தைத் தேடி வந்தன. ஹைதர் அலி 1760-இல் தொடங்கிய லால்பாக் தோட்டம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் கேமரன் பொறுப்பிலும், 1908 முதல் ஜெர்மானியராகிய கிரும்பிகல் பொறுப்பிலும் அயல்நாட்டுச் செடிகொடிகள் பலவற்றுக்கு இடந்தந்தது. சௌசௌ காயைத் தமிழகத்தார் இன்றும் 'பெங்களூர்க் கத்திரிக்காய்' என்று வழங்குதல் இவ்வரலாற்றின் எச்சமாகும். 'பெங்களூர் நீலம்' எனப்படும் கருந்திராட்சை, சாறு பிழியவும் ஜாம் காய்ச்சவும் ஏற்றதென இங்குப் பெயர் பெற்றது.

நாடு விடுதலை பெற்றபின் இக்கலை அறிவியல் நெறியில் வளர்ந்தது. 1950-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சிக் கழகம் தொடங்கப் பெற்றது. அதன் முதல் இயக்குநர் டாக்டர் வி. சுப்பிரமணியன், அதற்குமுன் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் உயிர்வேதியியல் துறையிற் பணியாற்றியவர். எருமைப்பாலிலிருந்து குழந்தையுணவு கண்ட அக்கழகம், நம் நாட்டுக் கனிகளைப் பதப்படுத்தும் முறைகளையும் ஆராய்ந்து வெளியிட்டது. 1955-இல் நடுவணரசு பிறப்பித்த பழப்பொருள் ஆணை, ஜாமில் நூற்றுக்கு 45 பங்கேனும் பழம் இருத்தல் வேண்டும், கரைந்த திடப்பொருள் 68 பங்குக்குக் குறையலாகாது என வரையறுத்தது. பின்னாளில் அவ்வாணையின் இடத்தை 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஏற்றது.

இவ்வரலாறு ஏட்டளவில் நில்லாது இல்லத்துக்கும் பயன்படல் வேண்டும். ஆதலின் நம் நகரத்துக்கே உரிய ஒரு செய்தியைச் சொல்வோம். பெங்களூர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. ஆதலால் இங்கே நீர் 100 பாகையில் அன்று, சுமார் 97 பாகையிலேயே கொதிக்கும். கடலோர ஊர்களுக்கென எழுதிய நூல், அடைத்த புட்டியை 10 நிமிடம் கொதிநீரில் வைக்கச் சொன்னால், நாம் 15 நிமிடம் வைத்தல் வேண்டும். பாகு பதத்தைச் சென்னையில் 105 பாகையிற் பார்ப்போர் இங்கே 102 பாகையளவிற் பார்த்தல் தகும். மேலும் ஓர் எச்சரிக்கை: கொதிநீர் முறை புளிப்புள்ள கனிகளுக்கே பொருந்தும். புளிப்பில்லாத காய்களையும் பயறுகளையும் அவ்வாறு அடைத்தால், காற்றில்லா இடத்தில் வளரும் கொடிய நுண்ணுயிர் நஞ்சை விளைவிக்கும். கொய்யாப் பாகில் எலுமிச்சைச் சாறு சேர்ப்பது சுவைக்காக மட்டுமன்று; பாகு உறைவதற்கும், கெடாதிருப்பதற்கும் புளிப்புத் துணை செய்கிறது.

இன்று கடைகளில் எல்லாக் காலத்தும் எல்லாப் புட்டிகளும் கிடைக்கின்றன. வாங்குதலிற் குற்றமில்லை. ஆயினும் நம் காலனி இல்லங்களில் இன்றும் முதிய அன்னையர் சிலர் கைப்பிடியால் உப்பளந்து, கண்ணால் வெயிலளந்து, நாவால் பதமறிந்து ஊறுகாய் போடுகின்றனர். அக்கைப்பிடி எத்தனை கிராம், அவ்வெயில் எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக் கொள்ளும் இளைஞர் எத்துணையர்? அப்பேர் எழுதினார்; அவர் கலை உலகத்தின் கலையாயிற்று. தண்டின் சமையற்காரர் எழுதிலர். அவர் பெயரும் நமக்கு எஞ்சவில்லை. பிறந்த ஊரை விட்டு வந்த குடிகளுக்கு மொழியைக் காத்தல் எத்துணைக் கடமையோ, அத்துணைக் கடமை அடுக்களை அறிவைக் காத்தலும். தஞ்சையிலிருந்து வந்த குடும்பத்தின் நார்த்தங்காய் முறை ஒன்று, வேலூரிலிருந்து வந்ததன் எலுமிச்சை முறை மற்றொன்று. இல்லந்தோறும் ஒரு நூல் எழுதப்படாது கிடக்கிறது.

வரும் கார்த்திகையில் நெல்லிக்காய் வாங்கும்போது ஒவ்வோர் இல்லத்தாரும் ஒரு குறிப்பேடும் வாங்குவாராக. பெயரும் ஊரும் அளவும் நாளும் அதில் ஏறட்டும். ஜாடியிலுள்ளது ஓராண்டு நிற்கும். ஏட்டிலுள்ளது தலைமுறை பல கடந்து நிற்கும்.