இரணவில நிலையமும் நமது வானொலியும்

எங்கள் உடப்புக் கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு வானொலி வெறும் பொழுதுபோக்கு அல்ல. வாடிக் கப்பில் தொங்கும் பெட்டியில் முதலில் வானிலை, அடுத்து மரண அறிவித்தல். பாட்டெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே ஒலிபரப்புக்குச் செலவாகும் பொதுப்பணம் எனக்குச் சோற்றுக் கணக்கு மாதிரி.

இதே புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்குத் தெற்கே இரணவிலவில், அமெரிக்க அரசின் ‘வாய்ஸ் ஒஃப் அமெரிக்கா’ வானொலியின் அஞ்சல் நிலையம் இருந்தது. கதை பழையது. 1951இலேயே அமெரிக்கா இலங்கை வானொலிக்குக் கருவிகள் தந்து, தன் நிகழ்ச்சிகளை இங்கிருந்து அஞ்சல் செய்ய இடம் பெற்றது. 1983இல் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசு இந்த ஏற்பாட்டை விரிவாக்க ஒப்புக்கொண்டபோது இந்தியா சினந்தது. 1987 ஜூலை 29இல் ஜே.ஆரும் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் பரிமாறிய கடிதங்களில் இதற்கென்றே ஒரு பந்தி உண்டு: வெளிநாட்டு ஒலிபரப்பு வசதிகள் இராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது.

டில்லிக்குப் பதில் கிடைத்தது. இரணவிலக் கத்தோலிக்க மீனவர்களுக்கு? 1990களின் தொடக்கத்தில் நானூறு ஏக்கருக்கு மேற்பட்ட காணி நிலையத்துக்கென ஒதுக்கப்பட்டபோது, காணி போகும், அலைக்கதிரால் கேடு வரும் என்று அவர்கள் எதிர்த்தார்கள். திருச்சபையும் உடன் நின்றது. ஆனாலும் நிலையம் எழுந்தது. அதற்கு வரி கட்டியவர்கள் அமெரிக்கர்கள். அந்த நிகழ்ச்சிகளை அமெரிக்காவுக்குள் பரப்ப 2013 வரை அவர்கள் சட்டம் இடம் தரவில்லை. காசு கொடுத்தவருக்குக் கேட்கக் கிடைக்காது, காணி கொடுத்த ஊருக்குக் கேள்வி கேட்க இடமில்லை. எனக்கு இது இன்றும் ஆறாத விடயம். சிற்றலை கேட்போர் குறைய, 2016இல் நிலையம் மூடப்பட்டது. அந்த முடிவும் வாஷிங்டனில்தான் எடுக்கப்பட்டது.

நமது இலங்கை வானொலியோ 1967இல் கூட்டுத்தாபனமானது. பணிப்பாளர் சபையை அமைச்சர் நியமிக்கிறார். கணக்கைக் கணக்காய்வாளர் நாயகம் பார்க்கிறார். பாராளுமன்றத்தின் அரசாங்கப் பொறுப்பு முயற்சிகள் பற்றிய குழு (கோப்) விசாரிக்கலாம். ஏற்பாடு ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் சேவைக்கு எவ்வளவு, அஞ்சல் கோபுரங்களின் பராமரிப்புக்கு எவ்வளவு, மீனவருக்கான வானிலை அறிவிப்புக்கு எவ்வளவு என்று எங்கள் கரையில் யாரும் வந்து சொன்னதில்லை.

இரணவில மக்களிடம் இல்லாத ஒரு கருவி இன்று நம்மிடம் இருக்கிறது: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கூட்டுத்தாபனத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். கரையோரச் சங்கங்கள் ஒவ்வொன்றும் இந்த மூன்று கேள்விகளையும் எழுதி அனுப்ப வேண்டும்.