யாருக்கு அரிதான கிருமி?

பக்றீரியாவியல் நூல்கள் சில கிருமிகளை ‘அரிதாகக் காணப்படுவன’ என்று ஒதுக்கிவைக்கின்றன. மெலியோய்டோசிஸ் நோயின் கிருமி நெடுங்காலம் அந்த ஒதுக்குப்புறத்திலேயே கிடந்தது.

இந்நோயை 1912இல் உலகறியச் செய்தவர்கள், றங்கூன் வைத்தியசாலையில் பிரேதப் பரிசோதனை நடத்திவந்த அல்பிரட் விற்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசுவாமியுமாவர். அவர்கள் அறுத்துப் பார்த்த உடல்களிற் பல, நகரத்து வறியவர்களுடையவை; மோர்பியா ஊசிக்கு அடிமைப்பட்டவர்களுடையவை. இலங்கையில் 1927இல் பதிவான முதல் நோயாளியோ ஓர் ஐரோப்பியர். கிருமி வாழ்வது சேற்றிலும் தேங்கிய நீரிலும். அப்படியிருந்தும் ஏட்டில் ஏறியவர் வெறுங்காலுடன் வயலில் நின்ற கமக்காரர் அல்லர். அவருடைய இரத்தத்தை வளர்த்துப் பார்ப்பதற்குப் பரிசோதனைச்சாலை ஏது?

பெனிசிலினுக்கும் ஜென்ரமைசினுக்கும் இக்கிருமி பொதுவாக மசிவதில்லை. எந்த மருந்துக்கு மசியும் என்பதைப் பரிசோதனைதான் சொல்லவேண்டும். கிருமியைப் பூசிய அகர்த் தட்டில் மருந்தூட்டிய கடதாசி வட்டங்களை வைத்து, மறுநாள் அவற்றைச் சுற்றிக் கிருமி வளராத வெளியை அளக்கும் முறையை, 1966இல் அமெரிக்காவின் சியாற்றில் நகரில் பௌவர், கேர்பி முதலியோர் செம்மைப்படுத்தினர். மலிவான முறை; வறிய நாடுகளுக்கு உகந்தது. ஆனால் எத்தனை மில்லிமீற்றர் வெளியிருந்தால் மருந்து பலிக்கும் என்பது கிருமிக்குக் கிருமி வேறுபடும். ஐரோப்பிய, அமெரிக்க வைத்தியசாலைகளில் அடிக்கடி காணப்படும் கிருமிகளுக்கு அட்டவணை எழுதப்பட்டது. இதற்கு எழுதப்படவில்லை. ஆகவே வேறு கிருமிகளின் அட்டவணையைக் கொண்டே இதற்குத் தீர்ப்புக் கூறவேண்டியதாயிற்று.

இது பரிசோதனைச்சாலையின் உள்வீட்டு விவகாரமன்று. இந்நோய்க்கு மாதக்கணக்கில் உட்கொள்ளும் மலிவான மாத்திரை கோட்ரைமொக்சசோல். கடதாசி வட்டத்தைச் சுற்றி மங்கலான வளர்ச்சி தோன்றுவதால், பலிக்கக்கூடிய அம்மருந்தையே பலிக்காதென்று தட்டு பலமுறை பொய்ச்சாட்சி சொன்னது. சரியான மருந்தின் பெறுமதியைத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஆய்வு 1989இல் காட்டியிருந்தது: கடும் நோயாளர்களின் இறப்பு, பழைய கூட்டு மருந்தினால் நூற்றுக்கு 74, செப்ராசிடிம் என்ற மருந்தினால் 37.

2016இல் வெளியான கணிப்பொன்று, ஆண்டுதோறும் 165,000 பேரை இந்நோய் பீடிக்கிறது, 89,000 பேர் மடிகின்றனர் என்றது. கடதாசி வட்ட முறைக்கு இக்கிருமிக்கென்றே தனி அளவுகளை ஐரோப்பிய நிபுணர் குழு வெளியிட்டது 2020இல். இலங்கையில் 2006க்குப் பின்னரே முறையாகத் தேடத் தொடங்கினார்கள். தேடியபோது பல மாகாணங்களிலும் நோயாளர் இருந்தனர், அவர்களுள் நெற்செய்கையாளரும் இருந்தனர்.