பராமரிப்பு இல்லங்களின் தரமும் கண்காணிப்பும்: அமெரிக்க முறை குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் ஏறத்தாழ 15,000 முதியோர் பராமரிப்பு இல்லங்கள் இயங்குகின்றன. அவற்றில் சுமார் 12 லட்சம் பேர் தங்கியுள்ளனர். மறதிநோய் முற்றியவர்கள், படுக்கையை விட்டுத் தாமே எழ முடியாதவர்கள், இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் சில வாரச் சிகிச்சைக்காக வந்தவர்கள் எனப் பல நிலையினர் அங்கு உள்ளனர். இல்லங்களில் பத்தில் ஏழு இலாப நோக்கில் நடப்பவை. செலவில் பெரும்பகுதியை மெடிக்கெய்டு, மெடிகேர் ஆகிய அரசுத் திட்டங்கள் ஏற்கின்றன. பணம் அரசுடையது, நடத்துபவர் தனியார், பயன் பெறுபவரோ பெரும்பாலும் புகார் சொல்லக்கூட இயலாதவர். இத்தகைய ஏற்பாட்டில் தரத்தைக் காட்டும் எந்த எண்ணையும் ஏற்குமுன் அதைக் கொடுத்தவர் யார் என்று கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இன்றைய கண்காணிப்பு முறைக்கு அடித்தளம் 1987ஆம் ஆண்டின் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம். அமெரிக்க மருத்துவ நிறுவனம் (இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின்) அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட அறிக்கை அச்சட்டத்துக்கு வழிவகுத்தது. அதுவரை ஆய்வாளர்கள் பெரும்பாலும் கட்டடத்தையும் கோப்புகளையும் பார்த்தார்கள். நல்ல பராமரிப்பு தரும் வசதி இருக்கிறதா என்பதே அவர்களின் கேள்வி. அந்தப் பராமரிப்பு உண்மையில் கிடைக்கிறதா என்ற கேள்வியைப் புதிய சட்டம் முன்னே கொண்டுவந்தது. மருத்துவத் தேவையின்றி நோயாளியைக் கட்டிப்போடுவதையும், அடக்கிவைப்பதற்காக மருந்து கொடுப்பதையும் அது உரிமை மீறலாக்கியது. மருத்துவத் தரத்தைக் கட்டமைப்பு, செயல்முறை, விளைவு என்று அவேடிஸ் டொனபேடியன் 1966இல் வகுத்த மூன்று கூறுகளில், பார்வை முதலாவதிலிருந்து மற்ற இரண்டுக்கும் நகர்ந்தது எனலாம்.

நேரடி ஆய்வை மத்திய அரசின் சார்பில் மாநில அரசுகளே நடத்துகின்றன. ஓர் இல்லத்தின் இரு ஆய்வுகளுக்கிடையே 15 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது. ஆய்வுக் குழு முன்னறிவிப்பின்றி வர வேண்டும். கண்டறியும் குறை ஒவ்வொன்றும், அதன் கடுமையையும் பரவலையும் கொண்டு, ஏ முதல் எல் வரையிலான பன்னிரண்டு எழுத்துகளில் ஒன்றைப் பெறும். கடைசி மூன்று எழுத்துகள் நோயாளிக்கு உடனடி ஆபத்து என்பதைக் குறிப்பவை.

இம்முறையின் வலிமை நேரில் பார்ப்பதில் இருக்கிறது. படுக்கைப்புண் வந்த ஒருவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்ததாகப் பதிவேட்டில் வரிசையாகக் கையெழுத்து இருக்கும். ஆய்வாளர் காலையிலிருந்து அந்த அறையைக் கவனிக்கிறார். நண்பகல் வரை நோயாளி அதே பக்கமாகவே படுத்திருக்கிறார். புண்ணுக்கு மருந்திடும் நேரத்தில் ஆய்வாளர் உடனிருந்து அதன் ஆழத்தைப் பார்க்கிறார். கையெழுத்துக்கும் புண்ணுக்கும் இடையே உள்ள முரணை எந்தப் படிவமும் தானாகக் காட்டாது. இவ்வாறு எழுதப்படும் குறை அறிக்கை, நோயாளியின் பெயருக்குப் பதில் எண் இட்டு, பொதுமக்கள் படிக்கக் கிடைக்கிறது. ஓர் இல்லத்தைப் பற்றிக் கிடைக்கும் ஆவணங்களில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

ஆனால் கண்களும் தவறவிடுகின்றன. மாநில ஆய்வாளர்கள் பார்த்துச் சென்ற இல்லங்களுக்கே மத்திய ஆய்வாளர்கள் சென்று ஒப்பிட்டார்கள். அம்முடிவுகளை அமெரிக்க அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2008இல் வெளியிட்டது. ஏறத்தாழ 15 சதவீத ஒப்பீடுகளில், மிகக் கடுமையான குறை ஒன்றையாவது மாநிலக் குழு பதிவு செய்யாமல் விட்டிருந்தது. பதிவாகும் குறையும் ஒரு மாநிலத்தில் ஓர் எழுத்தையும் இன்னொன்றில் வேறோர் எழுத்தையும் பெறுகிறது. 2020 மார்ச்சில் கொரோனாவால் வழக்கமான ஆய்வுகள் நிறுத்தப்பட்டபோது பல இல்லங்கள் 15 மாத வரம்பைத் தாண்டியும் ஆய்வின்றி இருந்தன. வெளியார் கண் மிகவும் தேவைப்பட்ட காலம் அது. குடும்பத்தினரும் உள்ளே போக முடியவில்லை.

பொதுமக்கள் அதிகம் பார்ப்பது 2008 டிசம்பரில் அறிமுகமான ஐந்து நட்சத்திர மதிப்பீட்டைத்தான். ஆய்வு முடிவுகள், பணியாளர் அளவு, தரக் குறியீடுகள் ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. ஆய்வுக்கான நட்சத்திரம் மாநிலத்துக்குள் செய்யப்படும் ஒப்பீடு: முதல் 10 சதவீத இல்லங்களுக்கு ஐந்து, கடைசி 20 சதவீதத்துக்கு ஒன்று. ஆகவே ஒரு மாநிலத்தின் எல்லா இல்லங்களும் மோசமானாலும் அங்கே ஐந்து நட்சத்திர இல்லங்கள் இருந்துகொண்டே இருக்கும். டெக்சஸின் நான்கு நட்சத்திரத்தை மினசோட்டாவின் நான்கோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

தரக் குறியீடுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. அவற்றில் பல, ஒவ்வொருவரின் உடல்நிலை பற்றியும் இல்லமே நிரப்பி அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து கணக்கிடப்படுபவை. கீழே விழுந்து பெருங்காயம் பட்டோரின் விகிதம் அவற்றுள் ஒன்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பிராச்சி சங்கவியும் உடன் ஆய்வாளர்களும் 2011 முதல் 2015 வரையிலான மருத்துவமனைக் கட்டணப் பதிவுகளை இப்படிவங்களோடு பொருத்திப் பார்த்தனர். மருத்துவமனை வரை சென்ற அத்தகைய விழுதல்களில் 57.5 சதவீதம் மட்டுமே படிவத்தில் இடம்பெற்றிருந்தது. நேர்மையாக எழுதும் இல்லம் நட்சத்திரத்தை இழக்கிறது, மறைக்கும் இல்லம் பெறுகிறது. இதைச் சிறு பிழையாகக் கருத இயலாது. மனச்சாட்சியுள்ள நிர்வாகியைத் தண்டிக்கும் ஏற்பாடு இது. இன்னொரு குறியீடான மனநோய் மருந்து பெறுவோர் விகிதத்தைக் கணக்கிடும்போது மனச்சிதைவு நோயாளிகள் விலக்கப்படுவதால், அந்நோய் இல்லாதவருக்கும் அப்பெயர் எழுதப்படும் வழக்கம் வளர்ந்தது. இதைத் தணிக்கை செய்யப்போவதாக 2023இல் மத்திய அரசு அறிவித்தது.

தகவல் தருபவர் மாறினால் என்ன நடக்கும் என்பதைப் பணியாளர் கணக்கு காட்டுகிறது. முன்பு ஆய்வு நேரத்தில் இரண்டு வார எண்ணிக்கையை இல்லமே எழுதிக் கொடுத்தது. 2016 முதல் சம்பளப் பதிவேட்டின் நாள்வாரி விவரத்தை அனுப்புவது கட்டாயமாயிற்று. சம்பளப் பதிவைத் தணிக்கை செய்ய முடியும் என்பதால் அதில் கைவைப்பது எளிதல்ல. அந்தத் தரவைக் கொண்டு கெங், ஸ்டீவன்சன், கிராபவ்ஸ்கி ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வு, எதிர்பார்க்கப்படும் பணியாளர் அளவைப் பாதிக்கு மேற்பட்ட இல்லங்கள் ஐந்தில் ஒரு பங்கு நாள்களில்கூட எட்டவில்லை என்றது. வார இறுதிகளில் நிலைமை மேலும் மோசம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் அழைப்பு மணி அடித்தும் யாரும் வரவில்லை, சாப்பாட்டுத் தட்டு மூடியைத் திறக்காமலே திரும்பிப் போகிறது என்று குடும்பங்கள் சொல்லிவந்ததற்கு அப்போதுதான் எண் கிடைத்தது. வார இறுதிப் பணியாளர் அளவும், வேலையை விட்டுச் செல்வோர் விகிதமும் 2022இல் நட்சத்திரக் கணக்கில் சேர்ந்தன.

அறிந்ததைச் செயலாக்குவதில்தான் கண்காணிப்பு தளர்கிறது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 4.1 மணி நேரப் பராமரிப்பு தேவை என்று மத்திய அரசின் ஆய்வே 2001இல் கண்டது. 2024இல் வந்த விதி 3.48 மணி நேரத்தையே கேட்டது. அதையும் மறு ஆண்டு டெக்சஸ் மத்திய நீதிமன்றம் ரத்து செய்தது. அபராதம், புதிய நோயாளிகளுக்கான கட்டணத்தை நிறுத்துதல், அரசுத் திட்டத்திலிருந்து நீக்குதல் எனத் தண்டனைகள் பல உண்டு. நீக்கினால் நூறு முதியவர்களை இடம் மாற்ற நேரும் என்பதால் அது அரிதாகவே நடக்கிறது. இல்ல உரிமையாளர்கள் அதை நன்கு அறிவர். மிக மோசமான இல்லங்களுக்கான சிறப்புக் கண்காணிப்புத் திட்டத்தில் நாடு முழுவதற்கும் நூறு இடங்கள்கூட இல்லை.

இல்லம் தேடும் குடும்பம் குறை அறிக்கையை முதலிலும், வார இறுதிப் பணியாளர் அளவை அடுத்தும், மொத்த நட்சத்திரத்தைக் கடைசியிலும் பார்ப்பது நல்லது. மாலை உணவு நேரத்தில் சொல்லாமல் போய்ப் பார்ப்பதும் வேண்டும். மாநிலந்தோறும் சட்டப்படி இயங்கும் முதியோர் குறைதீர்ப்பாளரிடம் அந்த இல்லத்தைப் பற்றி விசாரிக்கலாம். கொள்கை வகுப்போர் செய்ய வேண்டியதும் தெளிவு: விழுதல் போன்ற விளைவுகளை இல்லத்தின் படிவத்திலிருந்து எடுப்பதை விட்டு, மருத்துவமனைக் கட்டணப் பதிவிலிருந்து கணக்கிட வேண்டும். அந்தப் பதிவுகள் பல ஆண்டுகளாகவே மெடிகேரின் கையில் உள்ளன.