இசைத்தட்டு உறைகளும் ஏலமலை அடிவாரத்துப் பாட்டும்

இசைத்தட்டு உறை என்பது இசைத்தட்டைத் தூசியிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும் காகித அல்லது அட்டை மேலுறை. உள்ளே இருக்கும் இசை எத்தகையது என்று வாங்குபவருக்குச் சொல்லும் பொறுப்பும் பின்னாளில் அதன்மேல் விழுந்தது. தமிழ்த் திரையிசையில் இந்த இரண்டாவது வேலையை உறை பெரும்பாலும் செய்யவில்லை. அது படத்தைக் காட்டியது; பாட்டைக் காட்டவில்லை. போடிநாயக்கனூர், தேவாரம், பண்ணைப்புரம் என ஏலமலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள ஊர்களிலிருந்து புறப்பட்ட இசை இதற்குத் தெளிவான சான்று.

உறைக்கு முன்

பாட்டுக்கு அட்டைப்படம் போடும் வழக்கம் தமிழில் இசைத்தட்டுக்கு முந்தியது. சென்னை குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிந்து, கும்மி நூல்களின் முகப்பில் மரக்கட்டை அச்சுப் படங்கள் இருந்தன. அச்சுக்கூடத்தில் எந்தக் கட்டை கைவசம் இருந்ததோ அதுவே பல நூல்களுக்கும் பயன்பட்டது. பாட்டுக்கும் படத்துக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பிறகு வந்த 78 சுழற்சித் தட்டுகள், நடுவில் வட்டமாக வெட்டிய சாதாரணக் காகித உறையில் விற்கப்பட்டன. அந்த வட்டத்தின் வழியே தட்டின் மையத்தில் ஒட்டிய சீட்டைப் படித்துக்கொள்ளலாம். பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம்போல ஒன்றாகக் கட்டி விற்றதால்தான் ‘ஆல்பம்’ என்ற சொல்லே இசைக்கு வந்தது. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனத்தில் 1938இல் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ், 1940 முதல் அந்த ஆல்பங்களின் அட்டையில் இசையின் இயல்புக்கேற்ற ஓவியங்களை வரையத் தொடங்கினார். இசைத்தட்டு உறை ஓவியம் அவரிடமிருந்தே தொடங்குவதாகக் கொள்வர்.

ஏலமலை அடிவாரத்தில் அக்காலப் பாட்டின் பெரும்பகுதி எந்த உறைக்குள்ளும் அடங்காதது. வயல் பாட்டு, கும்மி, ஒப்பாரி ஆகியவற்றோடு அரசியல் மேடைப் பாட்டும் இருந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். போடிமெட்டு வழியாக மலையேறினால் வரும் தேவிகுளத்தில், 1958ஆம் ஆண்டு இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே அவர் பாடிப் பிரசாரம் செய்தார். அவருடைய தம்பி இராசய்யா அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று, பின்னர் சென்னைக்குப் போய் இளையராஜா ஆனார்.

திரைப்படத் தட்டுகள்

இளையராஜாவின் முதல் படமான ‘அன்னக்கிளி’ 1976இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, தேனி அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜாவின் முதல் படம் ‘16 வயதினிலே’ வந்தது. இரு படங்களின் பாடல்களிலும் அடிவாரத்துக் கிராமங்களின் மெட்டும் பேச்சும் இருந்ததை எல்லோரும் உணர்ந்தனர். ஆனால் ‘அன்னக்கிளி’ படமாக்கப்பட்டது பவானிசாகர் காட்டுக்கு அப்பால் உள்ள தெங்குமரகடாவில். ‘16 வயதினிலே’ பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பகுதிகளில் எடுக்கப்பட்டது. திரைப்படத் தட்டின் உறையில் படக்காட்சியையே அச்சிடுவது வழக்கம். ஆகவே காதில் கேட்பது தேனிச் சீமையாக இருக்க, கண்ணில் படுவது கமல்ஹாசன், ஸ்ரீதேவி, ரஜினிகாந்த் போன்றோரின் முகமும் கன்னட நாட்டு வயலும்தான். இசையமைத்தவரின் பெயர் எழுத்தில் இருக்கும். அவருடைய ஊரை உறையில் தேடிப் பயனில்லை.

இதை நிறுவனங்களின் அலட்சியம் என்று மட்டும் சொல்வது நியாயமாகாது. தட்டு விற்றது படத்தின் விளம்பரத்தால்; விளம்பரத்துக்கான நிழற்படங்கள் ஏற்கெனவே கையில் இருந்தன. தனியே ஓவியரை அமர்த்துவதற்குக் காரணமே எழவில்லை. மேனாட்டில் உறையே தனிக்கலையாக வளர்ந்த நாட்கள் அவை. பிங்க் ஃபிளாய்ட் குழு 1970இல் வெளியிட்ட ‘ஆட்டம் ஹார்ட் மதர்’ தட்டின் முகப்பில் ஒரு பசு மட்டுமே திரும்பிப் பார்த்து நிற்கும். குழுவின் பெயர்கூட இராது. ராமராஜன் படத் தட்டில் பசு இருந்தால் அது கதையில் வரும் பசுவாகத்தான் இருக்கும்!

இன்னொன்றும் உண்டு. மலைத் தோட்டங்களிலும் அடிவாரக் கிராமங்களிலும் இசைத்தட்டுப் பெட்டி வைத்திருந்த வீடுகள் மிகக் குறைவு. மக்கள் பாட்டைக் கேட்டது இலங்கை வானொலியில், தேநீர்க் கடையில், கல்யாண வீட்டு மைக்செட்டில். உறையைப் பார்த்தவர் அநேகமாக மைக்செட்காரர் ஒருவரே. அவசரத்தில் தட்டைத் தேடி எடுக்க அவருக்கு முகப்பில் தெரிந்த முகம் இருப்பதுதான் வசதி.

கையால் எழுதிய உறைகள்

1980களில் ஒலிநாடா பரவியபோது உறை சுருங்கியது. நெடுந்தட்டின் 12 அங்குலச் சதுரம், நாடாப் பெட்டியில் உள்ளங்கை அளவு அட்டையாயிற்று. அதில் நடிகர் முகத்துக்கே இடம் போதவில்லை. ஆனால் பாட்டின் பொருளைச் சொல்லும் உறை தமிழ்நாட்டில் உருவானது இந்தச் சிறிய அட்டையில்தான். அதை உருவாக்கியவர்கள் கம்பெனிகள் அல்லர்.

சிற்றூர்க் கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெற்று நாடா ஒன்றையும் விரும்பிய பாடல்களின் பட்டியலையும் கொடுத்தால், இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். 60 நிமிட நாடாவுக்கு எத்தனை பாட்டு, 90 நிமிடத்துக்கு எத்தனை என்பது எல்லோருக்கும் மனப்பாடம். காப்புரிமைச் சட்டப்படி இது குற்றமே. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பதிந்த நாடாவின் அட்டையில் ‘சோகம்’, ‘தாலாட்டு’, ‘மழைப் பாடல்கள்’, ‘ஜானகி மட்டும்’ என்று பேனாவால் எழுதுவர். படம் எது, கதாநாயகன் யார் என்பது அங்கே பின்னுக்குப் போய்விட்டது. பாட்டின் உணர்ச்சியையும் குரலையும் கொண்டு இசையை வகைப்படுத்திய உறை இதுவே. தொழிலாளி வீட்டுப் பெட்டியில் இருந்த இந்த அட்டைகளை யாரும் சேகரித்து வைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது. பழைய நெடுந்தட்டுக்கு இன்று கிடைக்கும் விலையில் ஒரு பங்குகூட இவற்றுக்கு இல்லை.

திரைக்கு வெளியே

1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்?’ என்ற தனி இசைத்தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட அதில் வயலின் வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன். திரைப்பாட்டுக்குப் பல்லவியின் முதற்சொற்களே பெயராகிவிடும். உறையில் அதையே அச்சிடலாம். பாடல்வரி இல்லாத கருவியிசைக்கு அந்த வசதி இல்லை. உறையில் அச்சிட ஒரு பெயரை உண்டாக்கியாக வேண்டும். ‘இதற்கு எப்படிப் பெயரிடுவது?’ என்ற அந்தச் சிக்கலையே அவர் தலைப்பாக்கினார். உள்ளே இருந்த ஒரு பகுதியின் பெயர் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. பாக்கைத் தம் வீட்டில் சந்தித்ததாகச் சொல்லும் இப்பெயர், கர்நாடக இராகமும் மேனாட்டு ஃபியூக் முறையும் ஒரு கூரையின்கீழ் பேசிக்கொள்வதை வாங்குபவருக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது.

1988இல் வந்த ‘நத்திங் பட் விண்ட்’ தொகுப்பில் ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசித்தார். காற்றைத் தவிர வேறொன்றுமில்லை என்னும் பொருளுள்ள அந்தத் தலைப்பு, ஊதும் கருவிக்கு நேர்ப்பொருளில் பொருந்துகிறது. ஆடி மாதத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் மலையிலிருந்து இறங்கிப் புழுதியைக் கிளப்பும் காற்றை அறிந்தவர்களுக்கு, நடிகர் முகம் எதுவும் துணைக்கு வராத அந்தப் பெயரே போதிய படமாக இருந்திருக்கும்.