மறந்து மறந்து கண்டறியப்பட்ட ஓர் உண்மை: தாயின் மதுவும் கருவிலிருக்கும் சிசுவும்

கர்ப்பிணிப் பெண் மது அருந்தினால் பிறக்கப்போகும் குழந்தைக்குப் பாதிப்பு ஏற்படும் என்பது இன்று பாடசாலை மாணவர்கூட அறிந்த செய்தி. ஆனால் மருத்துவ உலகம் இந்த உண்மையை முறைப்படி ஏற்று அதற்கு ஒரு பெயரைச் சூட்டியது 1973ஆம் ஆண்டிலேதான். மனிதன் மது வடிக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் கடந்த பின்னர், அவன் சந்திரனில் கால் பதித்து நான்கு ஆண்டுகள் சென்ற பின்னர்! ஏன் இந்தத் தாமதம் என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அதற்கு முன்னரே பலர் இதனைக் கண்டு கூறியிருந்ததும் அவர்களது கூற்று ஒவ்வொரு முறையும் மறக்கப்பட்டதும் தெரியவருகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இதனைப் பார்க்கலாம். அக்காலத்தில் இலண்டன் மாநகரம் ஜின் என்னும் மலிவான மதுவில் மூழ்கிக் கிடந்தது. ஏழைகள் வாழ்ந்த தெருக்களில் ஆண்களும் பெண்களும் வேறுபாடின்றிக் குடித்தனர். 1726இல் இலண்டன் வைத்தியர் கல்லூரி பாராளுமன்றத்துக்கு ஒரு முறையீட்டைச் சமர்ப்பித்தது. பலமற்ற, நோய்வாய்ப்பட்ட குழந்தைகள் பிறப்பதற்கு இந்த மதுவும் ஒரு காரணம் என்று அதில் வைத்தியர்கள் எச்சரித்திருந்தனர். 1736இலும் 1751இலும் ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தச் சட்டங்கள் வந்தன. குடி ஓரளவு குறைந்தது. குழந்தைகளைப் பற்றிய எச்சரிக்கையும் அத்தோடு அடங்கிப் போயிற்று.

இதனை முதன்முதலில் எண்களால் நிறுவ முயன்றவர் வில்லியம் சல்லிவன் என்னும் சிறைச்சாலை வைத்தியர். குடிப்பழக்கத்துக்கு அடிமையாகி லிவர்பூல் சிறைக்கு வந்த 120 பெண்களின் வரலாற்றை அவர் திரட்டினார். அவர்களுக்குப் பிறந்த 600 பிள்ளைகளில் 55.8 வீதமானோர் இறந்தே பிறந்திருந்தனர், அல்லது இரண்டு வயதுக்குள் இறந்திருந்தனர். அதே பெண்களின் மது அருந்தாத உறவினர்களது பிள்ளைகளில் இவ்வாறு இறந்தோர் 23.9 வீதத்தினரே. குடும்பமும் வறுமையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க, வேறுபாடு மதுவில் இருந்தது. 1899இல் வெளிவந்த அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. முன்னர் குழந்தைகளைப் பறிகொடுத்திருந்த சில பெண்கள், கர்ப்ப காலத்தில் சிறையில் அடைபட்டு மது கிடைக்காமற் போனபோது நலமான குழந்தையைப் பெற்றனர். அந்தத் தாய்மாருக்குச் சிறைக்கூடமே பாதுகாப்பான இடமாக அமைந்தது எத்தகைய சோகம்!

இவ்வளவு தெளிவான சான்று ஏன் எடுபடாமற் போயிற்று? அதற்கு அக்காலத்து அரசியலும் ஒரு காரணம். மதுவிலக்கு இயக்கத்தினர் இதனைத் தமது பிரசாரத்துக்குப் பயன்படுத்தினர். கருவுறு முன்னரே தந்தையின் குடியும் தாயின் குடியும் பரம்பரையைக் கெடுத்துவிடும் என்று மிகைப்படுத்தியும் பேசினர். அவர்களை மறுக்கப் புறப்பட்ட அறிஞர்களும் இருந்தனர். 1910இல் கார்ள் பியர்சனும் எதெல் எல்டர்டனும் இலண்டனில் வெளியிட்ட ஆய்வு, பெற்றோரின் குடியினால் பிள்ளைகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பில்லை என வாதிட்டது. அமெரிக்காவில் 1920இல் வந்த மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டது. அதன் பின்னர் மதுவின் தீமை பற்றிய பழைய கூற்றுகள் யாவும் ஒழுக்கவாதிகளின் கட்டுக்கதைகளாகவே கருதப்பட்டன. மிகைப்படுத்தலைத் தூக்கியெறிந்தவர்கள் அதனுள் இருந்த உண்மையையும் சேர்த்தே எறிந்துவிட்டனர்.

வேறொரு நம்பிக்கையும் வைத்தியர்களின் கண்களை மறைத்தது. தாய்க்கும் சிசுவுக்கும் இடையிலுள்ள சூல்வித்தகம் நஞ்சைத் தடுத்து நிறுத்தும் மதில் என்றே அவர்களுட் பலர் எண்ணியிருந்தனர். 1961இல் தலிடோமைட் மாத்திரையின் கொடுமை வெளிப்பட்டபோதே அந்த எண்ணம் ஆட்டங்கண்டது. ஆயினும் மதுசாரத்தின் மீது சந்தேகம் எழவில்லை. குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதற்காகக் கர்ப்பிணிகளின் நாளத்தில் மதுசாரத்தைச் செலுத்தும் சிகிச்சை 1967இல் அமெரிக்காவில் அறிமுகமாகி, 1970களிலும் கையாளப்பட்டது.

அதே காலத்தில் மேற்குப் பிரான்சின் நான்ட் நகரத்தில் போல் லெமுவான் என்ற குழந்தை வைத்தியர் 127 பிள்ளைகளை ஆராய்ந்து கொண்டிருந்தார். அவர்களின் பெற்றோர் குடிக்கு அடிமையானவர்கள். பிள்ளைகளின் முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருந்தன. வளர்ச்சி குன்றியிருந்தது. அறிவாற்றலும் குறைந்திருந்தது. 1968இல் அவர் தமது முடிவுகளை ஒரு பிராந்திய மருத்துவச் சஞ்சிகையில் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். ஆங்கில மருத்துவ உலகம் அதனைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு செய்தி எந்த மொழியில், எந்த ஏட்டில் வெளிவருகிறது என்பதே அதன் தலைவிதியைத் தீர்மானிக்கும் என்பதைச் சிறிய மொழிகளில் எழுதும் எம் போன்றோர் நன்கறிவோம்.

ஐந்து ஆண்டுகளின் பின்னர் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் இவ்வுண்மை மீண்டும் கண்டறியப்பட்டது. பிறந்தும் எடை கூடாத குழந்தைகளுட் பலருடைய தாய்மார் குடிக்கு அடிமையானவர்கள் என்பதைக் கிறிஸ்டி உல்லலண்ட் என்னும் இளம் வைத்தியர் கவனித்தார். வொஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸ், டேவிட் ஸ்மித் ஆகியோர் அக்குழந்தைகளைப் பார்வையிட்டனர். சிறுத்த கண் திறப்பு, மெல்லிய மேலுதடு, சிறிய தலை எனப் பொதுவான அடையாளங்கள் தெரிந்தன. மூன்று வேறு இனங்களைச் சேர்ந்த, ஒருவருக்கொருவர் உறவில்லாத எட்டுப் பிள்ளைகளைப் பற்றிய அவர்களது கட்டுரை 1973 யூன் மாதம் 'லான்செற்' சஞ்சிகையில் வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் இரண்டாவது கட்டுரையில் அந்நோய்க்கு 'பீட்டல் அல்கஹோல் சின்ட்ரோம்' என்ற பெயரும் கிடைத்தது.

பெயர் கிடைத்ததும் காரியங்கள் வேகமாக நடந்தன. கர்ப்பிணிகள் மது அருந்தலாகாது என 1981இல் அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி அறிவுறுத்தினார். 1989 நவம்பரிலிருந்து அந்நாட்டு மதுப் போத்தல்கள் அனைத்திலும் எச்சரிக்கை வாசகம் இடம்பெற்றது.

விஞ்ஞான விளக்கம் எளிமையானது. தாயின் குருதியிலுள்ள மதுசாரம் தடையின்றிச் சிசுவை அடைகிறது. முதிராத ஈரலைக் கொண்ட சிசுவினால் அதனை விரைந்து அகற்ற முடிவதில்லை. முகத்தின் அமைப்பு கருவுற்ற முதற் சில வாரங்களிலேயே, தான் கர்ப்பமுற்றிருப்பதைத் தாய் அறியாதிருக்கும் வேளையிலேயே உருவாகத் தொடங்குகிறது. மூளையோ பிரசவம் வரை வளர்கிறது. ஆகவே, முகத்தில் எந்த அடையாளமும் இல்லாத பிள்ளைக்கும் மறதி, கவனக்குறைவு, கணக்கு விளங்காமை, பின்விளைவை எண்ணிப் பாராத நடத்தை ஆகியன ஏற்படலாம். இத்தகையோர் சோம்பேறிகள் என்றும் முரடர்கள் என்றும் தண்டிக்கப்பட்டே வளர்கின்றனர். பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை நிறுவப்படவில்லை. இந்நோயின் முழு அடையாளங்களுடன் உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 119,000 குழந்தைகள் பிறப்பதாக 2017இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது.

இங்கு தாயை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. தென்னாபிரிக்காவின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. மேற்குக் கேப் மாகாணத்தின் திராட்சைத் தோட்டங்களில் தொழிலாளர் கூலியின் ஒரு பகுதி வைனாகவே வழங்கப்பட்டது. 'டொப்' எனப்பட்ட இம்முறை குடியேற்றவாதக் காலத்தில் தோன்றியது. 1960களின் ஆரம்பத்தில் சட்டம் தடுத்த பின்னரும் பல தோட்டங்களில் நெடுங்காலம் தொடர்ந்தது. 1997இல் அம்மாகாணத்தின் ஒரு நகரத்தில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்தபோது, ஆயிரத்துக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் இந்நோய் காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் பதில் மதுவை ஊற்றிக் கொடுத்தவர்கள் எவரும் அந்தப் பிள்ளைகளுக்காகப் பதில் சொல்லவில்லை.

போல் லெமுவான் தாம் கண்ட பிள்ளைகளை மறக்கவில்லை. அவர்கள் வளர்ந்த பின்னரும் தேடிச் சென்று ஆராய்ந்து, 1992இல் மீண்டும் எழுதினார். முகத்தின் அடையாளங்கள் வயதோடு மங்கியிருந்தன. மூளையின் பாதிப்பு மங்கவில்லை. இந்தப் பாதிப்பைக் குணப்படுத்த இன்றும் மருந்து இல்லை. முற்றாகத் தடுக்க வழியுண்டு. ஆனால் அந்தப் பொறுப்பைக் கருவுற்ற பெண்ணின் தலையில் மாத்திரம் ஏற்றிவிட்டு, அவளுடைய கணவனும் குடும்பமும் மதுவை விற்கும் சமூகமும் ஒதுங்கி நின்றால் 1726இன் எச்சரிக்கைக்கு நேர்ந்த கதியே இதற்கும் நேரும்.