பிணையிலி: செம்மர வழக்குகளில் ஆளற்றோர் நிலை

1. வரையறை

நீதிமன்றம் ஏற்கத்தக்க ஜாமீன்தாரர் ஒருவரும் இல்லாத விசாரணைக் கைதியை இங்குப் ‘பிணையிலி’ எனக் குறிப்போம். உற்றார் பலர் இருந்தும் வேற்று மாநிலச் சிறையில் ஒருவர் பிணையிலியாகலாம். பெற்றோரை இழந்து பிழைக்க வந்தவரோ, தமக்காக வக்கீலைத் தேடிப்போகவும் ஆளில்லாதவர். அவரே முழுப் பிணையிலி.

2. காரணங்கள்

மொழி முதற்காரணம். தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலிருந்து ஆந்திரத்தின் சேஷாசலக் காட்டுக்குச் செம்மரம் வெட்டச் சென்று பிடிபட்டவர்மீது சித்தூர், திருப்பதி நீதிமன்றங்களில் தாக்கலாகும் குற்றப்பத்திரிகை அவருக்குப் புரியாத தெலுங்கில் இருக்கும்.

இடம் இரண்டாவது, இதுவே வலியது. ஆந்திரத்தின் வெதுருகுப்பத்தில் நிலம் வைத்திருப்பவர் பட்டாதார் புத்தகத்தோடு வந்தால் பிணை எளிது. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பட்டாவோ தொலைவிலுள்ள வேறொரு வட்டாட்சியரிடம் சரிபார்க்க வேண்டியது. உள்ளூர் ஜாமீன் கேட்பது நீதிமன்றத்துக்கு வசதி. இவ்வழக்கத்தை மோத்தி ராம் வழக்கில் (1978) நீதிபதி கிருஷ்ணய்யர் கடிந்தார். மத்தியப் பிரதேசக் கொத்தனார் ஒருவரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்ட நடுவர், அவர் சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளதெனத் தள்ளியிருந்தார். தமிழரோ தெலுங்கரோ தொலைதூரத்தில் கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்ற வினாவை அத்தீர்ப்பே எழுப்பியது. 45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரி 31 அன்று, உள்ளூர் ஜாமீனை வற்புறுத்த வேண்டாம் என உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல நேர்ந்தது. முதல் தீர்ப்பு கீழ்நீதிமன்றங்களின் பழக்கத்தை மாற்றவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டா.

3. நிலைகள்

கைது, ரிமாண்ட், பிணை ஆணை, பிணை நிறைவேற்றம் என நான்காகப் பகுக்கலாம். பிணையிலி தேங்குவது மூன்றாவதற்கும் நான்காவதற்கும் இடையில்: ஆணை கையிலிருக்கும், கதவு திறக்காது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரர் கிடைக்காவிடில் நீதிமன்றமே நிபந்தனையைத் தளர்த்துவது குறித்துப் பரிசீலிக்கலாம் என்பதும் அதே 2023 வழிகாட்டுதல்.

கதவு திறந்தாலும் பி.டி. வாரண்ட் (சிறையிலிருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தும் ஆணை) காத்திருப்பதுண்டு; இன்னொரு வழக்கு, இன்னொரு ரிமாண்ட். 2013 டிசம்பரில் சேஷாசலத்தில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்ட வழக்கில் நூற்றுக்கணக்கான தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் குற்றஞ்சாட்டப்பட்டு, 2016-இல் விடுதலையாயினர். சிறையில் கழிந்த காலத்துக்குக் கணக்குக் கேட்பார் இல்லை.

4. சட்டத்தின் விலக்கு

குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவு, இதற்குமுன் எக்குற்றத்திலும் தண்டிக்கப்படாதவர் உச்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கைச் சிறையில் கழித்தால் விடுவிக்கச் சொல்கிறது. மரணமோ ஆயுளோ தண்டனையாக உள்ள குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையிலிருப்பவருக்கும் இச்சலுகை இல்லை என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. அடுக்கு வழக்குகளில் சேர்க்கப்பட்ட மரம்வெட்டி இவ்விலக்கிலேயே விழுகிறார்.