குளியலறைக் குழாயில் நீர் அழுத்தக் குறைவு

குளியலறைக் குழாயைத் திறந்தால் தண்ணீர் நூலாக ஒழுகுவதையும், ஷவர் நீர் தலையில் விழாமல் சுவரோரம் வடிவதையும் வீட்டுப் பேச்சில் 'பிரஷர் இல்லை' என்கிறோம். மொட்டைமாடித் தொட்டியை நம்பியிருக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் இது அடிக்கடி கேட்கும் குறை. கேட்டவுடன் கிடைக்கும் யோசனை, ஒரு பிரஷர் பம்ப் வாங்கி மாட்டுங்கள் என்பதே. ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் குழாயில் முன்பு தண்ணீர் நன்றாக வந்ததா? வந்தது என்றால், தொட்டி அன்று இருந்த உயரத்தில்தான் இன்றும் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் தரும் அழுத்தம் அந்த உயரத்தால் மட்டுமே அமைவது. ஆகவே குறைந்தது அழுத்தமாக இருக்க முடியாது. வரும் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

10 மீட்டர் உயரமும் 1 சதுர சென்டிமீட்டர் பரப்பும் உள்ள நீர்ப்பத்தியில் 1 லிட்டர் தண்ணீர் இருக்கும். அதன் எடை 1 கிலோ. எனவே 10 மீட்டர் உயரத் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் தரும். ஒரு மாடி உள்ள வீட்டில், மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் தரைத்தளக் குழாய்க்குச் சுமார் 6 மீட்டர் மேலே இருக்கும். மாடிக் குளியலறைக் குழாய்க்குச் சுமார் 3 மீட்டர். அங்குள்ள ஷவருக்கு 1 முதல் 2 மீட்டர்தான். இது குறைவான அழுத்தமே. ஆனாலும் வாளி நிறைக்க 3 மீட்டர் போதும், பைப் தாராளமாக இருந்தால். உயரம் கூடினால் நீர் வெளியேறும் வேகம் அதே அளவு கூடாது, உயரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடும் என்று இத்தாலிய அறிஞர் டாரிச்செல்லி 1644-இல் எழுதினார். தொட்டியின் உயரத்தை இரு மடங்காக்கினாலும் நீர்வரத்து ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். பைப்பின் உள்விட்டத்தின் கதை வேறு. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சியும் ஜெர்மானியரான வைஸ்பாக்கும் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த கணக்குப்படி, அதே உயரத்தில் உள்விட்டம் பாதியாகச் சுருங்கினால் நீர்வரத்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகிவிடும். பைப்புக்குள் சில மில்லிமீட்டர் உப்பு படிந்தால் நேரும் இழப்பைத் தொட்டியை உயர்த்தி ஈடுகட்ட முடியாது என்பது இந்த இரண்டு கணக்குகளிலிருந்தே தெளிவாகும்.

அடைப்பு எங்கே என்பதைக் குழாய் முனையிலிருந்து தொட்டியை நோக்கித் தேட வேண்டும். வீட்டின் மற்ற குழாய்களில் தண்ணீர் நன்றாக வந்து, இந்த ஒன்றில் மட்டும் குறைந்தால் குறை இங்கேயே இருக்கிறது. குழாய் வாயில் திருகியிருக்கும் ஏரேட்டர் என்ற சிறு வலையைக் கழற்றிப் பார்த்தால், வெள்ளைப் பொருக்கும் மணலும் பி.வி.சி. பைப் அறுத்தபோது விழுந்த துருவலும் சேர்ந்து பாதிக் கண்களை மூடியிருப்பது தெரியும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் அது போய்விடும். குளியலறை கழுவும் ஆசிட்டை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது குரோமியப் பூச்சையும் பித்தளையையும் அரிக்கும், பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் நச்சு வாயுவும் வரும். பழைய திருகு குழாயானால் உள்ளிருக்கும் வாஷர் ஊதிப் போயிருக்கலாம், கழன்று நீர்வழியிலேயே கிடக்கலாம். சுடுநீர் மட்டும் குறைந்தால் ஹீட்டரையும் அதன் இணைப்புகளையும் பார்க்க வேண்டும். கடின நீரைச் சூடாக்கினால் சுண்ணாம்பு உப்பு வேகமாகப் படியும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் கடினத்தன்மைக்கு ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை. போர்வெல் தண்ணீர் இந்த எல்லைகளைத் தாண்டும் வீடுகளில் இந்தச் சுத்தம் ஒருமுறை வேலையாக இராது.

எல்லாவற்றிலும் உறுதியான சோதனை ஒன்று உண்டு. வால்வை மூடி, குழாயையே சுவரிலிருந்து கழற்றி, வாளியைப் பிடித்துக்கொண்டு வால்வை மெல்லத் திறக்க வேண்டும். வெறும் பைப்பிலிருந்து தண்ணீர் பீறிட்டால் குறை குழாயில். அங்கும் நூலாக வந்தால் குறை பின்னால். பின்னால் என்றால் முதல் சந்தேகம் கேட் வால்வு மீது. அதன் சக்கரம் சுழலும், உள்ளே தகடு தண்டிலிருந்து விடுபட்டுக் கீழேயே நிற்கும்; திறந்ததாக நினைத்திருப்போம். அதை எடுத்துவிட்டு, முழு வாயுள்ள பால் வால்வு போடுவதே நல்லது. பழைய ஜி.ஐ. பைப்பில் துத்தநாகப் பூச்சு தேய்ந்த பின் துரு உள்ளேயே பொருக்குக் கட்டும். அதைத் தட்டிச் சுத்தம் செய்ய இயலாது, பைப்பை மாற்றத்தான் வேண்டும். தொட்டி கழுவிய மறுநாள் திடீரென்று தண்ணீர் குறைந்தால் அது பெரும்பாலும் காற்று அடைப்பு: கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏறி இறங்கும் பைப்பின் மேட்டில் காற்று சிக்கிக்கொள்கிறது. தொட்டி வாயருகே, தொட்டியின் விளிம்புக்கு மேலே நீளும்படி ஒரு ஏர் பைப் வைத்தால் அது திரும்ப வராது.

புது வீட்டிலேயே மேல்தளக் குளியலறையில் தண்ணீர் குறைவாக வருகிறதே, அங்கே அடைப்பு ஏது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 1 மீட்டர் உயரத் தண்ணீரில் நல்ல ஷவர் எதிர்பார்க்க முடியாது. பல ஒற்றைப்பிடி மிக்ஸர்கள் 5 முதல் 10 மீட்டர் உயரத்துக்கு இணையான அழுத்தத்தை எதிர்பார்த்தே செய்யப்படுகின்றன. அங்கே பம்ப் நியாயமானதே. ஆனாலும் அதற்கு முன் இரண்டு காரியம் உண்டு: அரை அங்குலப் பைப்பில் பல குழாய்களைக் கோத்திருந்தால், தொட்டியிலிருந்து அந்தக் குளியலறைக்கு மட்டும் ஓர் அங்குலப் பைப் தனியாக இறக்குவது, குறைந்த அழுத்தத்துக்கென்று செய்த ஷவரைப் போடுவது. இவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். தொட்டியை உயர்த்த நினைப்பவர்கள் 1,000 லிட்டர் தண்ணீரின் எடை ஒரு டன் என்பதை மறக்காமல் பொறியாளரைக் கேட்க வேண்டும். பைப்பைத் தொடுவதைவிட பம்ப் மாட்டுவது சுலபம் என்ற வாதமும் உண்மைதான். ஆனால் அடைபட்ட பைப்பில் பம்ப் வைத்தால் அடைப்பு அப்படியே இருக்கும், பழைய இணைப்புகள் கசியும், மின்சாரம் நின்ற நேரத்தில் பழைய நிலையே திரும்பும்.

ஒரு குறுக்குவழியை மட்டும் எந்த வாதமும் காப்பாற்றாது: மாநகராட்சிக் குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது. தெருப் பைப்பில் அழுத்தம் வெளியைவிடக் குறையும்போது, விரிசல்கள் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த வீட்டுக் குழந்தை குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான். உள்ளாட்சிகள் இந்த மோட்டார்களைப் பறிமுதல் செய்கின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே கழற்றுங்கள். வரும் தண்ணீரைத் தரைத்தொட்டியில் பிடித்து, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள்.